வரம்பில்லா முடியாட்சி: பதினான்காம் லூயி பிரபுக்களை அடக்கினாரா, விலைக்கு வாங்கினாரா?

#1 மேசைவிளக்கு

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். பதினேழாம் நூற்றாண்டுக்கு வந்தால் எல்லா வழிகாட்டி நூல்களிலும் ஒரே பாட்டுத்தான். நிலப்பிரபுத்துவம் தேய்ந்தது, வணிகர்கள் வளர்ந்தார்கள், பீரங்கி வந்தது, மன்னர்கள் பிரபுக்களை அடக்கினார்கள், பதினான்காம் லூயி ‘நானே அரசு’ என்றார். பிள்ளைகள் அதையே எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். எனக்குத்தான் உறுத்துகிறது.

உறுத்தலுக்குக் காரணம் ஃபூக்கே வழக்கு. நிக்கோலா ஃபூக்கே பிரான்சின் நிதிப் பொறுப்பாளர். 1661 ஆகஸ்ட் 17 அன்று வோ-லெ-விகோந்த் என்ற தன் புது மாளிகையில் மன்னருக்கு விருந்து வைத்தார். மன்னரிடமே அப்படியொரு மாளிகை அப்போது இல்லை. மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 5 அன்று நாந்த் நகரில் கைது செய்துவிட்டார்கள். விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைத்தார்கள். நீதிபதிகள் அரசுத் தரப்பே பார்த்துப் பொறுக்கியவர்கள். மன்னர் எதிர்பார்த்தது மரண தண்டனை என்பது ஊரறிந்த செய்தி. அப்படியும் வழக்கு மூன்றாண்டு இழுத்தது. 1664 டிசம்பரில் 9 பேர் மரண தண்டனை என்றார்கள், 13 பேர் நாடு கடத்தினால் போதும் என்றார்கள்.

லூயி என்ன செய்தார்? தண்டனையைக் குறைக்கும் கருணை அதிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்து, நாடு கடத்தலை ஆயுள் சிறையாகக் கூட்டினார். ஃபூக்கே பிஞ்ஞெரோல் கோட்டையில் 1680-இல் இறந்தார்.

கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் தலையை வாங்க நினைத்து, தானே நியமித்த நீதிபதிகளிடமிருந்து அதை வாங்க முடியாமல் போன மன்னரை வரம்பில்லாதவர் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 நாணயப்பித்தன்

முதலில் ஒரு கழித்தல். ‘நானே அரசு’ என்று லூயி சொன்னதற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. உங்கள் பிள்ளைகளின் விடைத்தாளிலிருந்து அதை எடுத்துவிடலாம்.

அந்த 13 பேருக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கருவூலத்தில் இருக்கிறது. பிரான்சில் நீதிபதிப் பதவி மன்னர் கொடுத்த வேலை அன்று, காசு கொடுத்து வாங்கிய சொத்து. 1604-இல் பொலெத் என்றொரு ஆண்டுக் கட்டணம் கொண்டுவந்தார்கள். பதவியின் மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டிவந்தால் அந்தப் பதவியை மகனுக்கு விட்டுச்செல்லலாம், மருமகனுக்குக் கொடுக்கலாம், வெளியாருக்கு விற்கலாம். மன்னர் அதை ஒழிக்க நினைத்தால் விலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த மன்னரிடம் அவ்வளவு ரொக்கம் இருந்தது?

ஏன் விற்றார்கள்? போர்ச் செலவு. 1635-இல் ஸ்பெயினோடு தொடங்கிய போர் 1659 வரை ஓடியது. லூயியின் தாத்தா நான்காம் ஹென்றி அமைதிக் காலத்தில் வைத்திருந்த படை பத்தாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். 1690-களில் லூயியின் படை காகிதக் கணக்கில் ஏறக்குறைய 4 லட்சம். ஆட்களுக்குச் சம்பளம், குதிரைக்குத் தீவனம், பீரங்கிக்கு வெண்கலம். வரி போதவில்லை. கடன் வாங்கினார்கள், பதவி விற்றார்கள், விற்றதையே இரண்டாகப் பிளந்து மறுபடியும் விற்றார்கள்.

1648-இல் வெடித்த ஃப்ரோந்து கலகத்தின் தொடக்கமும் இதுதான். பொலெத் உரிமையைப் புதுப்பிக்க வேண்டுமா, அப்படியானால் நான்காண்டுச் சம்பளத்தை விட்டுக்கொடுங்கள் என்று முதலமைச்சர் மசாரன் உயர் நீதிமன்றங்களிடம் பேரம் பேசினார். அவ்வளவுதான். நாடாளாத நீதிபதிகள் ஒன்றுகூடி நாட்டின் நிதியைப் பற்றியே தீர்மானம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆகஸ்டில் பாரிஸ் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன.

#3 இராசகோபுரம்

நாணயப்பித்தன் எதைக் கேட்டாலும் கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டுவார், பழக்கமாகிவிட்டது. ஆனால் கலகத்தின் தொடக்கத்தைச் சொன்னவர் அதன் நடுப்பகுதியை விட்டுவிட்டார்.

1651 பிப்ரவரி 9 இரவு. மசாரன் ஓடிவிட்டார், அரச குடும்பமும் நழுவிவிடப் போகிறது என்று பாரிஸ் முழுக்க வதந்தி. கூட்டம் அரண்மனைக்குள் நுழைந்தது. மன்னரின் தாய் ராணி ஆன் வேறு வழியின்றிக் கதவுகளைத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டு வயது மன்னர் படுக்கையில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக் கிடக்க, ஊர் சனம் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. இதை அனுபவித்த பையன் வளர்ந்து என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்?

செய்தார். 1661 மார்ச்சில் மசாரன் இறந்த மறுநாள், தன் உத்தரவின்றி எந்த ஆணையிலும் முத்திரை விழக்கூடாது என்றார். முதலமைச்சர் என்ற பதவிக்கே ஆள் போடவில்லை. மாகாணங்களுக்கு இன்டெண்டன்ட் என்ற அலுவலர்களை அனுப்பினார். இவர்கள் பதவியை விலைக்கு வாங்கியவர்கள் அல்லர். மன்னர் ஒரு வரி எழுதினால் மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். அரசாணையைப் பதிவு செய்ய மறுத்து முதலில் ஆட்சேபம் எழுதும் வழக்கம் பார்லமான் நீதிமன்றங்களுக்கு இருந்தது. 1673-இல் அதைத் திருப்பிப் போட்டார்: முதலில் பதிவு செய், பிறகு வேண்டுமானால் ஆட்சேபி. 1675-இல் பிரிட்டனியில் முத்திரைத்தாள் வரிக்கு எதிராகக் கலகம் எழுந்தபோது, மக்களை மரங்களில் தொங்கவிட்டதோடு நிற்கவில்லை. ரென் நகர நீதிமன்றத்தையே மூட்டை கட்டி வான் என்ற சிற்றூருக்கு அனுப்பினார். 1690 வரை அது திரும்பி வரவில்லை.

இன்னொன்று. ஃப்ரோந்து காலத்தில் கொந்தே இளவரசர் தன் மன்னருக்கு எதிராகவே படை நடத்தினார், பிறகு ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார். 1661-க்குப் பிறகு அப்படிப் படை திரட்டிய ஒரு பெரும் பிரபுவைக் காட்டுங்கள் பார்க்கலாம். சதி செய்ய முயன்ற ஷெவாலியே த ரோஹானின் தலை 1674-இல் பாஸ்டீய் கோட்டையின் முன் உருண்டது. அதே கொந்தே மன்னிப்புப் பெற்று வந்து லூயிக்காகப் படை நடத்தினார். மற்றவர்கள் வெர்சாயில் மன்னர் எழும்போது சட்டையை நீட்டும் பெருமைக்காகவும், அவர் படுக்கப் போகும்போது மெழுகுவர்த்தி பிடிக்கும் பெருமைக்காகவும் காத்துக்கிடந்தார்கள். அரண்மனையில் தலைகாட்டாத பிரபுவுக்காக யாராவது சிபாரிசுக்கு வந்தால், ‘அவரை நான் பார்த்ததே இல்லையே’ என்பார் லூயி. அந்த ஒரு வாக்கியத்தோடு கதை முடிந்தது.

இதற்குப் பெயர் அடக்குதல் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் ஐயா?

#4 தாழம்பூ

இராசகோபுரம் ஐயா நன்றாகக் கதை சொல்கிறார். ஆனால் சட்டையை நீட்டிய பிரபு மாலையில் வெறுங்கையோடா வீடு திரும்பினார்? ஒரு மகனுக்குப் படைப்பிரிவு, இன்னொரு மகனுக்கு ஆயர் பதவி, தனக்கு ஓய்வூதியம், கடன்காரன் வாசலில் நின்றால் மன்னரிடமிருந்து ஒரு தொகை. வெர்சாயைச் சிறை என்று எழுதுகிறார்கள். உள்ளே போக இவ்வளவு பேர் முட்டி மோதிய சிறை வேறு எங்கும் இருந்திருக்காது. அங்கே இருந்தவர்களும் சில ஆயிரம் பேர்தான். மீதிப் பிரபுக்கள் தத்தம் ஊரில்தான் இருந்தார்கள், அங்கே அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

லாங்குடோக் மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆயர்களும் பிரபுக்களும் நகரப் பிரதிநிதிகளும் கூடும் மாகாணப் பேரவை ஒன்று உண்டு. லூயி அதைக் கலைக்கவில்லை. வரித்தொகைக்கு ஒப்புதல் கேட்டு ஆண்டுதோறும் அதன் முன் ஆள் அனுப்பினார். முன்பெல்லாம் மாதக்கணக்கில் இழுத்தடித்த பேரவை, லூயி காலத்தில் சட்டென்று சரி சொல்ல ஆரம்பித்தது. பயத்தினாலா? அந்த மாகாணத்தின் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. வசூலானதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சம்பளமாகவும் கடனுக்கு வட்டியாகவும் சன்மானமாகவும் அதே மாகாணத்துப் பெரிய மனிதர்களிடமே தங்கியது. கலகத்துக்கு முன் இவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டையிட்டுச் சிதறடித்த லாபத்தை, லூயி ஒழுங்காகப் பங்குபோட்டுக் கொடுத்தார். மத்தியதரைக் கடலையும் கரோன் ஆற்றையும் இணைக்கும் கால்வாயை 1666-இல் ரிக்கே என்பவர் வெட்ட ஆரம்பித்து 1681-இல் வேலை முடிந்ததே, அது மன்னரின் பெருமையாகப் பாடநூலில் இருக்கிறது. செலவில் பெரும்பங்கு அந்தப் பேரவையின் பணமும் ரிக்கேயின் சொந்தப் பணமும்.

சரி, கொடுத்தது யார்? உப்பு வரியைப் பாருங்கள். பாரிஸைச் சுற்றிய வட மாகாணங்களில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சுமார் ஏழு பவுண்டு உப்பை அரசுக் கிடங்கிலிருந்து வாங்கியே ஆகவேண்டும். தேவையா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அந்த உப்பைச் சட்டிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மட்டுந்தான் பயன்படுத்தலாம். பன்றியடித்துக் குளிர்காலத்துக்கு உப்புக்கண்டம் போட வேண்டுமா, அதற்குத் தனியாக வாங்கி, தனியாகச் சீட்டு வைத்திருக்க வேண்டும். சாப்பாட்டு உப்பை இறைச்சியில் தடவினால் அபராதம். பக்கத்திலிருந்த பிரிட்டனியில் இந்த வரி கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் சல்லிக் காசுக்குக் கிடைத்த உப்பு இந்தப் பக்கம் பல மடங்கு விலை. நாய்களின் உடம்பில் உப்புப் பையைக் கட்டி இரவில் எல்லை தாண்ட விட்டார்கள். பிடிபட்ட மனிதர்கள் துடுப்புக் கப்பல்களில் அடிமைகளாகத் தண்டு வலித்தார்கள்.

தாய் (taille) என்ற நேரடி வரி வட பிரான்சின் பிரபுவுக்கு 1789 வரை கிடையாது. 1695-இல் எல்லோருக்குமான தலைவரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காலப்போக்கில் அதன் பாரமும் கீழேதான் இறங்கியது. பிரபுவின் சட்டைப்பையில் கைவைக்காத வரைதான் இந்த மன்னருக்கு வரம்பில்லை.

#5 கடற்கரைச்சாலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லூயியைப் பார்த்துப் பொறாமைப்படாத மன்னரே அன்றைக்கு இல்லை என்கிறார்கள். அப்படியானால் இங்கிலாந்தில் ஏன் இது நடக்கவில்லை? சார்லஸ் மன்னரும் இதைத்தானே முயன்றார்?

#6 நாணயப்பித்தன்

முயன்றார். முதலாம் சார்லஸ் 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். துறைமுக ஊர்களிடம் மட்டும் வாங்கிவந்த கப்பல் பணத்தை உள்நாட்டு ஊர்களிடமும் கேட்டார். ஹாம்ப்டன் என்பவர் கட்ட மறுக்க, வழக்கில் மன்னர் 7-க்கு 5 என்ற கணக்கில் ஜெயித்தார். ஜெயித்தும் தோற்றார், ஏனெனில் அதன் பிறகு வசூல் படுத்துவிட்டது. இங்கிலாந்தில் வரியை வசூலித்தவர்கள் சம்பளமில்லாத ஊர்ப் பெரிய மனிதர்கள். அவர்கள் கையை மடித்துக்கொண்டால் மன்னரிடம் வேறு ஆள் இல்லை, நிரந்தரப் படையும் இல்லை. ஸ்காட்லாந்தில் கலகம் வந்ததும் நாடாளுமன்றத்தைக் கூப்பிடாமல் முடியவில்லை. 1649-இல் தலை போயிற்று.

இதில் வேடிக்கை, பதினெட்டாம் நூற்றாண்டில் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், நாடாளுமன்றத்தோடு ஆண்ட பிரிட்டன் வசூலித்த வரி வரம்பில்லாத பிரான்சைவிட அதிகம். கடனும் குறைந்த வட்டிக்குக் கிடைத்தது.

ஸ்பெயினைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலிவாரெஸ் என்ற அமைச்சர், போர்ச் சுமையை நாட்டின் மையப் பகுதியான காஸ்டீல் மட்டும் ஏன் தாங்க வேண்டும், எல்லா மாகாணமும் ஆள் கொடுக்கட்டும் என்றார். 1640-இல் கட்டலோனியாவும் போர்த்துகலும் ஒரே ஆண்டில் கிளம்பின. போர்த்துகல் திரும்பவே இல்லை.

தாழம்பூ அம்மையார் சொல்லும் பேரத்தைக் கையெழுத்தோடு பார்க்க வேண்டுமானால், பின்னாளில் பிரஷ்யா என்று பெயர் பெற்ற ஜெர்மன் அரசான பிராண்டன்பர்குக்குப் போங்கள். 1653-இல் அதன் ஆட்சியாளர் ஃபிரெடெரிக் வில்லியம் அங்குள்ள நிலக்கிழார்களிடம் ஆறாண்டுகளுக்கு 5,30,000 தாலர் வாங்கினார், படை வைத்துக்கொள்ள. பதிலுக்கு அவர்கள் நிலத்தில் உழுதவர்கள் மீது அவர்களுக்கிருந்த பிடியை உறுதிசெய்து கொடுத்தார். பிரஷ்யப் படையின் ஆரம்பம் அந்தத் தாள்தான்.

#7 பொறையாற்றான்

எல்லோரும் லூயியையே சுற்றி வருகிறீர்கள். ஐரோப்பாவிலேயே மன்னரின் வரம்பற்ற அதிகாரத்தை விதி விதியாக எழுதி, கையெழுத்திட்டு, அரசியல் சட்டமாகவே வைத்துக்கொண்ட நாடு டென்மார்க். எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் தரங்கம்பாடி 225 ஆண்டு அந்தக் கொடியின் கீழ் இருந்தது. அதனால் எனக்கு இதில் கொஞ்சம் சொந்தம் உண்டு.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டியபோது டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன். கோட்டையைப் பார்த்தால் பெரிய சக்கரவர்த்தி என்று தோன்றும். ஆனால் அவர் முடிசூடும்போதே பிரபுக்கள் நீட்டிய நிபந்தனைச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர். அங்கே மன்னரைத் தேர்ந்தெடுத்தது பிரபுக்களின் அரசவை. போர் தொடுக்கவும் அதன் சம்மதம் வேண்டும். 1625-இல் ஜெர்மன் போரில் இறங்க நினைத்தபோது அரசவை ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர் விடவில்லை, டென்மார்க் மன்னராக அல்லாமல் ஹோல்ஸ்டைன் கோமகனாகப் போய்ப் போரிட்டார், தோற்றார். பிரபுக்களுக்கு வரியும் கிடையாது.

அவர் மகன் மூன்றாம் ஃபிரெடெரிக் காலத்தில்தான் கூத்து. 1658 குளிர்காலத்தில் கடல் உறைந்தது. சுவீடன் மன்னர் பத்தாம் சார்லஸ் பனிக்கட்டி மேலேயே படையை நடத்திக்கொண்டு வந்துவிட்டார். ரோஸ்கில்டேயில் போட்ட ஒப்பந்தத்தில் நீரிணைக்குக் கிழக்கே இருந்த மாகாணங்களெல்லாம் போயின. சில மாதத்தில் சார்லஸ் திரும்ப வந்து கோபன்ஹேகனையே முற்றுகையிட்டார். மன்னரைத் தப்பிப் போகச் சொன்னார்கள். ‘என் கூட்டிலேயே சாவேன்’ என்று உட்கார்ந்துவிட்டாராம். 1659 பிப்ரவரி 11-க்கு விடியும் இரவில் பெருந்தாக்குதல். மதில் மேல் நின்று தடுத்தவர்களில் படைவீரர்களோடு கடைக்காரர்கள், கைவினைஞர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நகரம் தப்பியது. அந்த நகரத்தாருக்கு மன்னர் புதிய உரிமைகளையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

போர் முடிந்தபோது கருவூலம் காலி. 1660 செப்டம்பரில் பிரபுக்கள், குருமார், நகரத்தார் மூன்று தரப்பையும் கோபன்ஹேகனுக்கு அழைத்தார் மன்னர். எல்லோரும் நுகர்வுப் பொருள்களுக்கு வரி கட்டுவோம் என்று பேச்சு வந்ததும், எங்களுக்கு விலக்கு வேண்டும் என்றார்கள் பிரபுக்கள். முந்தைய ஆண்டு மதில் மேல் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நகரத் தலைவர் ஹன்ஸ் நான்சனும் ஆயர் ஹன்ஸ் ஸ்வானேயும் கைகோத்தார்கள். சில வாரங்களிலேயே பேச்சு வரியிலிருந்து நகர்ந்து, மன்னர் பதவியைப் பரம்பரையாக்குவோம் என்பதில் வந்து நின்றது. அதாவது, தேர்ந்தெடுக்கும் உரிமை போனால் பிரபுக்களின் பேரம் பேசும் பலமும் போய்விடும். பிரபுக்கள் ஊருக்குக் கிளம்பிக் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று பார்த்தார்கள். நகர வாயில்களை மூடிவிட்டார்கள், துறைமுகத்திலும் காவல். அக்டோபர் 13 அன்று பிரபுக்கள் பணிந்தார்கள். 17-ஆம் தேதி பழைய நிபந்தனைச் சாசனம் செல்லாதென்று மன்னரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. மறுநாள் அரண்மனை முன் விசுவாசப் பிரமாணம்.

நடந்ததைக் கவனியுங்கள். மன்னர் பிடுங்கவில்லை, நகரத்தாரும் குருமாரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

1665 நவம்பர் 14 அன்று 40 விதிகளோடு அரசச் சட்டம் தயாரானது. எழுதியவர் பேடர் ஷூமாக்கர், மதுக்கடைக்காரர் மகன். மன்னர் மனிதச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் மேலானவர், கடவுளைத் தவிர வேறு நீதிபதி அவருக்கு இல்லை. சட்டம் போடலாம், நீக்கலாம், யாருக்கும் உறுதிமொழி தர வேண்டியதில்லை. பதின்மூன்று வயது நிறைந்தால் போதும், முழு அதிகாரம். கட்டுப்பாடு மூன்றே மூன்று: லூத்தரன் சமயத்தை விடக்கூடாது, நாட்டைத் துண்டுபோடக்கூடாது, இந்தச் சட்டத்தில் கைவைக்கக்கூடாது. இப்படியொரு சட்டத்தை எழுதி ஒளித்தும் வைத்தார்கள்! 1671-இல் அடுத்த மன்னர் ஐந்தாம் கிறிஸ்டியனின் அபிஷேகத்தில்தான் முதலில் வாசித்தார்கள். அச்சில் வந்தது 1709-இல்.

#8 இராசகோபுரம்

அருமை. பொறையாற்றான் எனக்காக வாதாடுகிறார் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ! டென்மார்க்கில் பிரபுக்கள் தோற்றார்கள், வாயிலைப் பூட்டித் தோற்கடித்தார்கள். விலைக்கு வாங்கிய கதை இங்கே எங்கே இருக்கிறது? தாழம்பூ அம்மாவின் கணக்கு லாங்குடோக்கில் சரியாகலாம். கோபன்ஹேகனில் விடை வேறு. சுவீடனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1680-இல் அங்கேயும் குருமாரும் நகரத்தாரும் விவசாயிகளும் மன்னரோடு சேர்ந்து, பிரபுக்களுக்குத் தாரைவார்த்த அரசு நிலங்களைத் திரும்பப் பிடுங்கக் கொடுத்தார்கள். பதினோராம் சார்லஸ் அதில்தான் வரம்பற்றவரானார். கீழே இருப்பவர்கள் பிரபுவைவிட மன்னரே மேல் என்று கருதினார்கள். அதை ஏன் ஒருவரும் சொல்ல மறுக்கிறீர்கள்?

#9 தாழம்பூ

சொல்ல மறுக்கவில்லை ஐயா. 1660-இல் முதல் காட்சியோடு எழுந்து போய்விட்டீர்கள், இரண்டாம் காட்சி இருக்கிறது.

முதலில், கோபன்ஹேகன் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட மூன்று தரப்பைப் பாருங்கள். நாட்டில் பெரும்பான்மையாக இருந்த விவசாயிகள் அதில் இல்லை. சுவீடனில் அவர்களுக்கு அவையில் இடம் இருந்தது, டென்மார்க்கில் அதுவும் கிடையாது.

அடுத்து, போர்க்கடனை அடைக்க மன்னர் அரசு நிலங்களைக் கடன் கொடுத்தவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவர்கள் பெரிய வணிகர்களும் படைக்குச் சரக்கு சப்ளை செய்தவர்களும். நேற்றைய நகரத்தார் இன்றைய பண்ணையார் ஆனார்கள். 1671-இல் ஐந்தாம் கிறிஸ்டியன் டென்மார்க்கில் அதுவரை இல்லாத கோமான் பட்டங்களை உண்டாக்கி, நிலம் போதுமான அளவு வைத்திருந்தவர்களுக்கு வரிச் சலுகையோடு கொடுத்தார். 1688-இல் நாடு முழுக்க நிலத்தை அளந்து, விளைச்சல் அளவுப்படி வரிப் பதிவேடு போட்டார்கள். அந்தக் காலத்துக்கு மிக நேர்த்தியான வேலை, மறுக்கவில்லை. ஆனால் பெரும் பண்ணையின் சொந்தச் சாகுபடி நிலத்துக்கு வரி விலக்கு. அதற்கு ஈடாகப் பண்ணையார் தன் குடியானவர்களின் வரியை வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும். பழைய பிரபு போனார், புதிய பண்ணையார் வந்தார், மன்னருக்குச் சம்பளமில்லாத வசூல்காரர் கிடைத்தார்.

1733-இல் வந்ததுதான் உச்சம். ஆண்கள் பிறந்த பண்ணையை விட்டுப் போகக்கூடாது என்று சட்டம். 14 வயது முதல் 36 வரை என்று ஆரம்பித்து, 1764-இல் 4 வயது முதல் 40 வரை என்றானது. நாலு வயதுக் குழந்தை ஊரைவிட்டு ஓடிவிடும் என்று பயந்த வரம்பற்ற மன்னர்கள்! பண்ணையாருக்குக் கூலியாள் வேண்டும், படைக்கு ஆள் வேண்டும், இருவர் தேவையும் ஒரே சட்டத்தில் முடிந்தது. பிராண்டன்பர்கில் 1653-இல் கையெழுத்தானது இங்கே எண்பது ஆண்டு கழித்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 1788-இல் இதை நீக்கியதும் ஒரு வரம்பற்ற மன்னரின் அரசுதான். அந்தப் புண்ணியத்தை மட்டும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

#10 இராசகோபுரம்

எழுதிக்கொண்டேன். நாடாளுமன்றம் இருந்த போலந்தில் அதே காலத்தில் விவசாயி எப்படி இருந்தான் என்பதையும் எழுதிவிடுங்கள். 1652 முதல் அங்கே ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து ‘ஒப்பவில்லை’ என்றால் கூட்டமே கலைந்தது. பிரபுக்களின் சொர்க்கம், உழவனின் நரகம். 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் பக்கத்து வீட்டு வரம்பற்ற மன்னர்கள் நாட்டையே பங்குபோட்டுக்கொண்டார்கள். படை வைத்துக்கொள்ள வழியில்லாத சுதந்திரம் எவ்வளவு நாள் நிற்கும் என்று அன்றைய ஐரோப்பா பார்த்தது.

#11 மேசைவிளக்கு

இருவருமே என் வகுப்புக்கு வேண்டியவற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், நிறுத்த வேண்டாம். பொறையாற்றானிடம் ஒரு கேள்வி. 40 விதி எழுதினார்களே, மன்னர் மனநலம் குன்றியவராக இருந்தால் என்ன செய்வது என்று அதில் ஏதாவது உண்டா? சிறுவனாக இருந்தால் பகர ஆளுநர் வைப்பார்கள், புரிகிறது. பெரியவராகி, முடிசூடியபின் புத்தி பேதலித்தால்?

#12 பொறையாற்றான்

அதற்கு வழி செய்து வைக்கவில்லை. அதன் விலையையும் கொடுத்தார்கள். 1766-இல் பட்டத்துக்கு வந்த ஏழாம் கிறிஸ்டியன் அப்படிப்பட்டவர்தான். சட்டப்படி அவர் கையெழுத்துக்கு மேல் எதுவுமில்லை. ஆகவே அந்தக் கையைப் பிடித்திருப்பவர் யாரோ அவரே நாடு. ஸ்ட்ரூயென்ஸே என்ற ஜெர்மன் மருத்துவர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றார், ராணியின் காதலையும் பெற்றார். 1770-இல் அச்சுத் தணிக்கையை முழுவதுமாக நீக்கி ஆணை வந்தது. 1771-இல், மன்னர் கையெழுத்து இல்லாவிட்டாலும் ஸ்ட்ரூயென்ஸே கையெழுத்திட்ட ஆணை செல்லும் என்று மன்னரே உத்தரவு போட்டார். வரம்பற்ற அதிகாரத்தை ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுத்தாயிற்று! 1772 ஜனவரியில் மன்னரின் சிற்றன்னை தரப்பு, நள்ளிரவில் மன்னரை எழுப்பிக் கைது ஆணைகளில் கையெழுத்து வாங்கியது. ஏப்ரலில் ஸ்ட்ரூயென்ஸேயின் தலை போயிற்று. அதன் பிறகும் அதே மன்னரின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு ஆட்கள் ஆண்டார்கள். 1808 வரை அவர்தான் மன்னர். சட்டம் 1849 வரை நின்றது. அரச குடும்பத்தாரின் திருமணம், பயணம் பற்றிய ஓரிரு விதிகள் இன்றும் ஏட்டில் இருக்கின்றன.

#13 கடற்கரைச்சாலை

தரங்கம்பாடியில் இந்த வரம்பற்ற அதிகாரம் எப்படித் தெரிந்தது? அல்லது தெரியவே இல்லையா?

#14 பொறையாற்றான்

கேட்டதற்கு நன்றி, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 1706 ஜூலையில் சீகன்பால்க், புளூட்சோ என்ற இரு லூத்தரன் சமயப் பணியாளர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக், அரசச் சட்டத்தை மூன்றாண்டு கழித்து அச்சிட்ட அதே மன்னர். அவருக்கு மேலே கடவுள் மட்டும். ஆனால் கோட்டையில் அதிகாரம் வணிகக் கம்பெனியின் ஆளுநர் ஹாசியுஸிடம் இருந்தது. சமயப் பணியாளர்கள் வந்து ஊரில் சலசலப்பை உண்டாக்கினால் வியாபாரம் கெடும் என்பது கம்பெனியின் கணக்கு. ஆரம்பத்திலிருந்தே முட்டிக்கொண்டார்கள். 1708 நவம்பரில், மன்னரின் ஆணையோடு வந்த சீகன்பால்கை ஹாசியுஸ் டேன்ஸ்பர்க் கோட்டையில் அடைத்துவிட்டார். ஏறக்குறைய நான்கு மாதம் உள்ளே.

மன்னரிடம் முறையிடலாமே என்பீர்கள். கடிதம் கப்பலில் போய்ப் பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆகும். கம்பெனி மன்னரின் சாசனத்தால் பிறந்ததுதான், ஆனால் அதன் பங்குகளில் கோபன்ஹேகன் வணிகர்களின் பணம் இருந்தது. 1660-இல் வாயிலைப் பூட்டி மன்னருக்கு முடியுரிமை வாங்கிக் கொடுத்த அதே நகரத்தார் வர்க்கம். அவர்களைப் பகைத்துக்கொண்டு ஓர் ஆளுநரை எந்த வேகத்தில் தூக்குவார்?

சீகன்பால்க் வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. ஹாசியுஸ் 1716 வரை ஆளுநராகவே இருந்தார்.